எஸ்எச் என்ற ஒரே பெயர், உள்ளே வேறு வேறு ஷெல்: நான் பார்த்தவை

எங்கள் டீமுக்கு வந்து சேர்ந்த ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட், பழைய சர்வரில் வருஷக்கணக்காக ஒழுங்காக ஓடியது. டெபியன் லினக்ஸுக்கு மாற்றிய அன்றே நின்றுவிட்டது. திரையில் 'அன்எக்ஸ்பெக்டட் ஆபரேட்டர்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். எந்த ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியில் எஸ்எச் என்றுதான் இருந்தது. ஆனால் பழைய சர்வரில் அந்தப் பெயருக்குப் பின்னால் நின்றது பாஷ் என்ற ஷெல், புதியதில் டேஷ் என்ற வேறு ஷெல்.

சிக்கல், இரண்டு சொற்களை ஒப்பிடும் இடத்தில் இருந்த இரட்டைச் சமக்குறி. 1992-ல் வந்த போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதிகள்) ஷெல் தரம் ஒற்றைச் சமக்குறியைத்தான் சொல்கிறது. டேஷ் அதோடு நின்றுகொண்டது. பாஷை எஸ்எச் என்ற பெயரில் கூப்பிட்டால் அது போசிக்ஸ் முறைக்கு மாறும் என்பது உண்மைதான், ஆனால் தன் கூடுதல் வசதிகளில் பலவற்றை அப்போதும் ஏற்றுக்கொள்ளும். அதனால் பாஷில் ஓடுகிறது என்பதை வைத்து எங்கும் ஓடும் என்று சொல்லவே முடியாது. உபுண்டு 2006-லும் டெபியன் 2011-லும் எஸ்எச்சை டேஷுக்கு மாற்றியபோது இப்படி எத்தனையோ ஸ்கிரிப்டுகளின் குட்டு வெளிப்பட்டது. அந்த மாற்றம் நல்லதே என்பது என் கருத்து. சிறிய, வேகமான ஷெல் கிடைத்தது, எழுதுகிறவர்களுக்கும் ஒழுங்கு வந்தது.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு நண்பருக்கு நடந்தது. கார்ன் ஷெல் என்ற இன்னொரு ஷெல்லில் அவர் எழுதியது: ஒரு கட்டளையின் வெளியீட்டைப் பைப் வழியாக ஒரு வைல் லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) அனுப்பி, வரிகளை எண்ணி, லூப் முடிந்ததும் எண்ணிக்கையை அச்சிடுவது. அதையே பாஷில் ஓட்டினால் பூஜ்யம் வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. லூப்புக்குள்ளே அச்சிட்டுப் பார்த்தால் எண் சரியாக ஏறுகிறது, வெளியே வந்ததும் காணோம்!

சரி, எந்த ஷெல் தவறு செய்கிறது? இரண்டுமே இல்லை. பைப்பில் உள்ள கட்டளைகள் துணை ஷெல்லில் (தனியாக ஓடும் ஷெல் நகலில்) ஓடும் என்றும், விரும்பினால் அவற்றில் எதையும் நடப்பு ஷெல்லிலேயே ஓட்டலாம் என்றும் போசிக்ஸ் சொல்கிறது. கார்ன் ஷெல் கடைசிக் கட்டளையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பாஷ் வழக்கமாக அதைத் துணை ஷெல்லுக்கு அனுப்புகிறது, அங்கே ஏறிய எண் அந்தத் துணை ஷெல்லோடு போய்விடுகிறது. வெளியீட்டை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, லூப்புக்கு அந்தக் கோப்பிலிருந்து கொடுத்ததும் இரண்டிலும் சரியான விடை வந்தது.

இந்த இடைவெளி கவனக்குறைவால் வந்ததில்லை. தரத்தை எழுதியவர்கள் புதிதாக ஒரு ஷெல்லை வடிவமைக்கவில்லை. சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய யூனிக்ஸின் ஷெல்லை அடிப்படையாக வைத்து, கார்ன் ஷெல்லிலிருந்து சிலவற்றைச் சேர்த்தார்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை முரண்பட்ட இடங்களில் இருபக்கத்துக்கும் இடம் விட்டார்கள். உரையை அச்சிடும் எக்கோ கட்டளையும் அப்படித்தான்: 'மைனஸ் என்' என்ற தெரிவைக் கொடுத்தாலோ பின்சாய்வுக்கோடு வந்தாலோ என்ன செய்வது என்பது அந்தந்த ஷெல்லின் விருப்பம். அதனால் அச்சிட நான் பிரிண்ட்எஃப் கட்டளையை மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

அப்புறம் போசிக்ஸ் தரத்தின் 2024 பதிப்பு. பைப்பின் நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் முழு வரிசையும் தோற்றதாகக் காட்டும் பைப்ஃபெயில் அதில் தரத்துக்குள் வந்துவிட்டது. கார்ன் ஷெல்லிலும் பாஷிலும் பல காலம் புழங்கிய பிறகு கிடைத்த அங்கீகாரம் அது. பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பழைய டேஷ் அதை அறியாது, அந்த வரியிலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். புதிய வசதியைச் சேர்க்கும் முன் உங்கள் சர்வர்களில் எஸ்எச் எதைச் சுட்டுகிறது, அது எந்தப் பதிப்பு என்று பார்த்துவிடுங்கள்.