அணை உடைந்ததாக வரும் குரல் பதிவு, வீடு தருவதாக வரும் இணைப்பு: தோட்டத்துக் குழுவில் எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: மஸ்கெலியா ஆசிரியை

வணக்கம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் முன்பள்ளி ஆசிரியை நான். எங்கள் தோட்டத்துக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. மரண அறிவித்தல், திருவிழாக் கணக்கு, தண்ணீர் வராத நேரம், நாளைக்கு எந்த மலையில் கொழுந்து என்பது வரை எல்லாம் அதில்தான் வரும். கடந்த மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவில் அதே குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. மேலே அணை உடைந்துவிட்டது, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்கு ஏறுங்கள், தெரிந்த எல்லோருக்கும் இதை அனுப்புங்கள் என்று ஓர் ஆண் பதற்றத்தோடு பேசினார். எந்த அணை, எந்த ஆறு, பேசுகிறவர் யார் என்று எதுவும் அதில் இல்லை. கீழ் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் கைக்குழந்தைகளையும் நடக்க முடியாத வயோதிபர்களையும் தூக்கிக்கொண்டு, அட்டை நிறைந்த தேயிலை மலையில் விடியும் வரை நனைந்தபடி நின்றார்கள். எந்த அணையும் உடையவில்லை என்பது காலையில்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் புதிய கட்டத்துக்கு இணையத்தில் பதிந்துகொள்ளலாம் என்று சொல்லி ஓர் இணைப்பு. அதை அழுத்தினால் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், கடைசியாகத் தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண் என்று வரிசையாகக் கேட்டது. பக்கத்து லயத்து அக்கா ஒருவர் முதல் இரண்டையும் கொடுத்துவிட்டார். மூன்றாவதைக் கொடுக்கும் நேரத்தில் அவருடைய மகன் பார்த்துத் தடுத்தார்.

இப்படிப்பட்டவற்றை, பெரிய கணினி அறிவு இல்லாதவர்கள் சில நிமிடங்களில் சரிபார்ப்பதற்கு என்ன வழி? இரண்டையும் குழுவில் போட்டவர் எங்கள் கோயில் பரிபாலன சபைத் தலைவர். நான் அவரைப் பெரியப்பா என்றுதான் அழைப்பேன். அவர் மனம் நோகாமல் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: தலவாக்கலை ஆசிரியர்

தங்கச்சி, முதலில் அணை விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் பகுதியில் மழை பலத்தால் மேல் கொத்மலை, லக்ஷபான நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்படுவதும், காசல்ரீ நிரம்பி வான் பாய்வதும் வழமையாக நடப்பவை. அணைக்குப் பாதுகாப்பாகத்தான் மேலதிக நீர் இவ்வாறு வெளியேற்றப்படுகிறது. ஆற்றில் நீர் திடீரென்று கூடும் என்பதால் கரையோரத்தில் இருப்பவர்கள் விலகத்தான் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் வான்கதவு திறந்த செய்தி, கைமாறிக் கைமாறி இரண்டு மணித்தியாலத்தில் அணை உடைந்த செய்தியாகிவிடுகிறது.

உண்மையான அறிவித்தலில் நீர்த்தேக்கத்தின் பெயர், திறக்கப்பட்ட கதவுகளின் எண்ணிக்கை, பாதிக்கப்படக்கூடிய ஆற்றின் பெயர் ஆகியவை இருக்கும். உங்களுக்கு வந்த பதிவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை, திகதியும் இல்லை. அப்படிப்பட்ட பதிவு போன வருடம் பேசப்பட்டதாகவும் இருக்கலாம், வேறு நாட்டில் பேசப்பட்டதாகவும் இருக்கலாம். வட்ஸ்அப்பே ஓர் அடையாளம் காட்டுகிறது. குறைந்தது ஐந்து தடவை கைமாறிய செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரலிலிருந்து அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்த அம்புக்குறியை வைத்து அது பொய்யென்று முடிவு கட்ட முடியாது. ஆனால் அதை அனுப்பியவர் தாம் கண்டதையோ கேட்டதையோ சொல்லவில்லை, முகம் தெரியாத யாரோ பேசியதைக் கடத்துகிறார் என்பது அதிலிருந்து உறுதியாகத் தெரிகிறது. ஆகவே அவரிடம் "யாரிடமிருந்து வந்தது?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேரைத் தாண்டியதும் அந்தச் சங்கிலி பெரும்பாலும் அறுந்துவிடும்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. எதையும் பகிர்வதற்கு முன் அந்த இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுப்பதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். படமோ காணொளியோ வந்தால், அதில் ஒரு காட்சியைத் திரைப்பிடிப்பு எடுத்துக் கூகுள் லென்ஸில் கொடுத்துப் பாருங்கள். பழைய படமாக இருந்தால் எந்த ஆண்டில், எந்த நாட்டில் வெளியானது என்பது பெரும்பாலும் அகப்பட்டுவிடும். செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்ட காட்சிகள் இதில் சிக்காமல் போகலாம். அப்போது கடைப் பெயர்ப் பலகைகளையும் வாகன இலக்கத் தகடுகளையும் உற்றுப் பாருங்கள். எழுத்துகள் எந்த மொழியிலும் சேராமல் கலங்கிக் கிடந்தால் நம்ப வேண்டாம்.

பதில்: வங்கியில் பணிபுரிந்தவன், பண்டாரவளை

இணைப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். வங்கியில் வேலை செய்த காலத்தில் இப்படிப் பணம் இழந்து கலங்கி வந்தவர்களை எதிரில் அமர்த்திப் பேசியிருக்கிறேன். இந்த மோசடிக்காரர்கள் வெறும் பொய்யைச் சொல்வதில்லை. இந்திய வீடமைப்புத் திட்டம் உண்மையில் இருக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்ததும் உண்மை. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருப்பவர்களின் காணி உரிமை ஏக்கமும் உண்மை. அந்த உண்மைகளின் தோளில் ஏறித்தான் பொய் வாசலுக்கு வருகிறது. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, சம்பள நிலுவை, தபாலில் தேங்கிய பொதி, வெளிநாட்டு வேலை என்று எதன் பெயரில் வந்தாலும் வழி ஒன்றுதான்.

முகவரியைப் படிக்கும் முறையை உங்கள் குழுவில் இளைஞர்களுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். இணையமுகவரியின் தொடக்கத்தில் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் பகுதிதான் தளத்தின் உண்மையான உரிமையாளரைக் காட்டும். நம் நாட்டின் பெரும்பாலான அரச தளங்களில் அந்த இடத்தில் ‘ஜிஓவி டொட் எல்கே’ என்று இருக்கும். மோசடிக்காரர்கள் அதே எழுத்துகளை முகவரியின் தொடக்கத்திலோ நடுவிலோ, புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு போட்டுச் செருகிவிடுவார்கள். கடைசியில் வேறேதோ இருக்கும். முன்பகுதியை மட்டும் பார்க்கிற கண் அதில்தான் ஏமாறுகிறது.

அந்த ஆறு இலக்க எண்ணை எந்த வங்கியும் எவரிடமும் கேட்காது. அதை நீங்கள் கொடுத்தால், அது வங்கியிலிருந்து வந்த எண்ணென்றால் பணம் போகும். வட்ஸ்அப்பிலிருந்து வந்ததென்றால் உங்கள் வட்ஸ்அப் கணக்கே அவர்கள் கைக்குப் போய், அடுத்த நிமிடம் உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களிடம் கடன் கேட்கும். வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே இயக்கி வையுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். புதிய 12 இலக்க அட்டையின் முதல் ஏழு இலக்கங்களிலிருந்தே ஒருவர் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் கணக்கிட்டுவிடலாம். அவற்றைச் சொல்லித் தம்மை வங்கி உத்தியோகத்தர் என்று நம்பவைத்து அவர்கள் மீண்டும் அழைப்பார்கள். அந்த அக்காவிடம், தெரியாத இலக்கங்களிலிருந்து வரும் அப்படிப்பட்ட அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். கணக்கு இலக்கம் கொடுத்த விடயத்தைத் தம் வங்கிக் கிளையிலும் அவர் நேரில் தெரிவிக்க வேண்டும்.

எண்ணையும் கொடுத்துவிட்டவர்கள் அழுதுகொண்டு இருக்க நேரமில்லை. வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு அந்த நிமிடமே அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்துப் பொலிஸில் முறையிட வேண்டும். இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியின் 101 என்ற இலக்கமும் வழிகாட்டும். வெளிநாட்டு வேலை விளம்பரமென்றால், முகவர் நிலையத்தின் அனுமதி இலக்கத்தை வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து உறுதிப்படுத்திய பிறகே கடவுச்சீட்டைக் கையளிக்க வேண்டும். வீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் நேரில் கேளுங்கள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனாலும் பரவாயில்லை.

பதில்: பதுளை மாவட்டத்துத் தொண்டர்

தலவாக்கலை ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. பகிர்வதற்கு முன் சரிபார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் மண்சரிவு விடயத்தில், வெளியேறுவதற்கும் சரிபார்த்துக்கொண்டு இருப்பது ஆபத்து. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, அங்கிருந்து விலக வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன்பே அறிவுறுத்தப்பட்டிருந்தது. எச்சரிக்கை பொய்யாகப் போன இரவுகளுக்குப் பிறகு உண்மையான எச்சரிக்கையை யாரும் காதில் வாங்குவதில்லை. போலிப் பதிவுகள் செய்கிற மிகப் பெரிய கேடாக நான் கருதுவது இதைத்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு ஓர் அமைப்பு உண்டு. மாவட்டத்தின் பெயர், பிரதேச செயலாளர் பிரிவின் பெயர், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற மூன்று நிலைகளில் எது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை செல்லுபடியாகும் என்பவை அதில் இருக்கும். மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் வெளியேறிவிட வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற மழை அளவுகளே இந்த மூன்று நிலைகளுக்கும் அடிப்படை. நேரான சுவருள்ள வெறும் டின் ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, சேர்ந்த தண்ணீரின் ஆழத்தைப் பாடசாலை அடிமட்டத்தால் அளந்தாலே உங்கள் மலையில் பெய்த மழை ஏறக்குறையத் தெரிந்துவிடும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் 117க்குக்கூடக் காத்திராமல் வெளியேறுங்கள். போகிற வழியில் அழைத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கண்டதை மட்டும், எங்கே எப்போது கண்டீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

மீரியபெத்தையில் முதல் நாளில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகச் செய்திகள் வந்தன. வேலைக்கும் பாடசாலைக்கும் போயிருந்தவர்களைக் கணக்கிட்ட பிறகு அந்த எண்ணிக்கை மிகவும் குறைந்தது. முதல் மணித்தியாலங்களில் வரும் எண்ணிக்கைகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். தூர இடங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் அதைக் கேட்டுத் துடித்துப்போகிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பல இடங்களில் மின்சாரமும் இல்லை, தொலைபேசிச் சமிக்ஞையும் இல்லை. ஆகவே பற்றரியில் இயங்கும் வானொலி ஒன்றும், கிராம உத்தியோகத்தரின் வீட்டுக்கு யார் நடந்து போவது என்ற ஏற்பாடும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும்.

பதில்: திகனைக்கு அருகே வசிப்பவள்

பெரியப்பாவைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் கொத்து ரொட்டியில் கருத்தடை மாத்திரை கலந்ததாக ஒரு வதந்தி கிளம்பியது. அது வெறும் மாச்சத்துக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் சொன்னது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று மருத்துவத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அறிக்கை வருவதற்குள் அந்த வதந்தியைப் பரப்பிய காணொளி நாடு முழுவதும் போய்விட்டது. மார்ச் தொடக்கத்தில் இங்கே தெல்தெனியவிலும் திகனையிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனமாகி, மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. இப்படிப்பட்ட வதந்திகளைப் பகிர்ந்தவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர். தம் பிள்ளைகளை நினைத்துப் பயந்தவர்கள். அதனால்தான் உங்கள் பெரியப்பாவைக் குழுவில் வைத்து எல்லோர் முன்னிலையிலும் திருத்தக் கூடாது என்கிறேன். அவமானப்பட்டவர் தாம் சொன்னதையே இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார்.

வீட்டுக்குப் போய், ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். கீழ் லயத்து மக்கள்மேல் உள்ள அக்கறையில்தான் அதைப் போட்டீர்கள் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், அது உண்மையும்கூட. பிறகு, திருத்தத்தை அவருடைய குரலிலேயே பதிந்து குழுவில் போடச் சொல்லிக் கேளுங்கள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்கிறவர்கள் பலர் இருக்கும் தோட்டத்தில், குரலாக வந்த பொய்யை எழுத்தால் திருத்தினால் அது போய்ச் சேராது. அந்தப் பதிவில் தம் பெயரையும் திகதியையும், யாரிடம் கேட்டு உறுதிப்படுத்தினார் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பலருக்குப் போன பழைய வதந்தியென்றால், பெக்ட் கிரஸென்டோ ஸ்ரீலங்கா என்ற செய்திச் சரிபார்ப்புத் தளம் தமிழிலும் சரிபார்ப்புகளை வெளியிடுகிறது. அதில் தேடிப் பார்த்து இணைப்பைக் கொடுக்கலாம். ஆனால் நள்ளிரவில் வரும் செய்திக்கு அவர்களிடமிருந்து உடனே பதில் கிடைக்காது.

மீண்டும்: மஸ்கெலியா ஆசிரியை

எல்லோருக்கும் என் நன்றி. பெரியப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். 117, பொலிஸின் 119, 101, 1989 ஆகிய இலக்கங்களை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்துச் சுவரில் எழுதி வைக்கத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். மழைக் காலத்தில் மட்டும் குழுவில் கண்டபடி செய்தி விழாமல் தடுக்க வழி உண்டா?

பதில்: தலவாக்கலை ஆசிரியர்

உண்டு. குழு அமைப்பில் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடலாம். ஆனால் இருக்கிற குழுவைப் பூட்டினால், வெடிப்பைக் கண்டவர் சொல்ல இடமில்லாமல் போய்விடும். ஆகவே எச்சரிக்கைக்கென்று தனியாக ஒரு குழு தொடங்கி, கிராம உத்தியோகத்தர், தோட்ட வைத்திய உத்தியோகத்தர், 117க்கு அழைக்கும் பொறுப்பை ஏற்கும் இளைஞர் இருவர் ஆகியோரை மட்டும் நிர்வாகிகளாகப் போடுங்கள். உங்கள் பெரியப்பாவையும் ஐந்தாவது நிர்வாகியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் அவர் சொன்னால்தான் கேட்பார்கள்.