விரைந்தால் பிழை, நிதானித்தால் நேரமில்லை: மூளை இதை எப்படி நிறுக்கிறது?

சிம்மக்கல் மாணவி:
வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வுக்காக, மதுரை நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் படித்து வருகிறேன். 60 நிமிடங்களில் 100 வினாக்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. விரைந்து செய்யும் நாளில் தெரிந்த கணக்கையே தப்பாகப் போடுகிறேன். நிதானமாகச் செய்தால் 30 வினாக்களைத் தொடவே முடிவதில்லை. என் அப்பாவோ மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகையை ஒரு கை அள்ளியதுமே விலை சொல்லிவிடுகிறார், பெரும்பாலும் தவறுவதில்லை. இந்த வேறுபாடு எதனால் வருகிறது?

நரம்பியல் ஆய்வாளர்:
ராஜர் ராட்கிளிஃப் 1978இல் முன்வைத்த மாதிரியின்படி, ஒவ்வொரு விடைக்குமான சான்றை மூளை சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறது. சேர்ந்தது ஒரு வரம்பைத் தொட்டதும் முடிவு பிறக்கிறது. சொட்டுகளில் பிழையும் கலந்திருப்பதால், வரம்பு தாழ்வாக இருந்தால் தற்செயலாகவே தவறான பக்கம் நிரம்பிவிடும். இது வெறும் உவமை அன்று. ரோய்ட்மனும் ஷாட்லனும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நகரும் புள்ளிகளின் திசையைக் கண்ணசைவால் காட்டப் பழகிய குரங்குகளின் பரைட்டல் (மூளையின் மேற்பின்பகுதி) நரம்பணுக்களின் துடிப்பு வேகம், முடிவுக்குச் சற்று முன் ஏறக்குறைய ஒரே உயரத்தை எட்டியது. புள்ளிகளின் ஓட்டம் தெளிவாக இருந்தால் அந்த ஏற்றம் செங்குத்தாகவும், மங்கலாக இருந்தால் சாய்வாகவும் இருந்தது.

ஆகவே, அவசரப்படும்போது உங்கள் சிந்தனை வேகமடைவதில்லை. வரம்புக்கான தூரம்தான் சுருங்குகிறது. மூளையின் அடியாழத்தில் இருக்கும் சப்தலாமிக் உட்கரு இதற்குத் தடைக்கட்டையாக உதவுகிறது. மைக்கேல் ஃபிராங்க் குழுவினரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், பார்கின்சன் நோய்க்காக அவ்விடத்தில் பதித்த மின்முனை இயங்கி அந்தத் தடையைக் குலைத்தபோது, எதைத் தேர்வது என்று தயங்கவேண்டிய இடத்திலும் நோயாளிகள் விரைந்து முடிவெடுத்தனர்.

பூ வியாபாரி:
தங்கச்சி, காலையில் மொட்டாக வரும் மல்லிகை மாலையில் விரிந்துவிடும் என்பதால், எங்கள் தொழிலில் காத்திருப்பதற்கே ஒரு விலை உண்டு. ஆனால் உங்கள் அப்பா வரம்பைத் தாழ்த்திக்கொண்டு விலை சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. மொட்டின் இறுக்கம், காம்பின் பசுமை, கையில் தெரியும் ஈரம் ஆகியவை பல்லாண்டுப் பழக்கத்தால் ஒரே பிடியில் அவருக்குச் சேர்ந்துவிடுகின்றன; ஆய்வாளர் ஐயா சொன்ன செங்குத்து ஏற்றம் அதுதான். மல்லிகையில் எனக்கும் அப்படித்தான். சம்பங்கியில் இன்றும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன்.

தேர்வுப் பயிற்றுநர்:
வரம்பை எங்கே வைப்பது என்பதைத் தேர்வின் விதிதான் முடிவு செய்யவேண்டும். ஐந்து விடைகளில் கண்ணை மூடி ஒன்றைக் குறித்தால், சராசரியாக ஐந்து முறையில் ஒரு மதிப்பெண் வரும், நான்கு கால் மதிப்பெண்கள் போகும்: லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டால் குறிப்பது லாபம். தவறுக்குக் கழிவே இல்லாத குரூப் 4 தேர்வில் எதையும் விடாமல் குறிக்கவேண்டும். அங்குப் பழகிய அவசரத்தை வங்கித் தேர்வுக்குக் கொண்டுவருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழக்கத்தால் ஏற்றம் செங்குத்தாக, கணக்கு வகைகளை முதலில் கடிகாரம் இல்லாமல் பழகுங்கள்.

சிம்மக்கல் மாணவி:
நன்றி ஐயா, அண்ணா. இத்தனை நாளும் முதல் கணக்கிலிருந்தே கடிகாரத்தை வைத்துத்தான் பழகினேன். சதவீதக் கணக்குகளை நாளை முதல் அது இல்லாமல் செய்து பார்க்கிறேன்.