9 வயசு கலப்பின நாய்: எடை ஏறுது, படியேறத் தயங்குது. எதை வச்சுப் பார்ப்பது?

முற்றத்துநிழல்:
கருத்தடை செய்த பெண் நாய், வயது 9. தாய் லாப்ரடார் கலப்பு, தகப்பன் யாரென்று தெரியாது. 4 வயதில் 16 கிலோ இருந்தாள், இப்போது 18.5. சாப்பாட்டின் அளவு மாறவே இல்லை: தினம் 230 கிராம் உலர் உணவு (பையில் 100 கிராமுக்கு 380 கிலோகலோரி என்று போட்டிருக்கிறது), அதுபோக பிஸ்கட் கொஞ்சம். இரண்டு மாதமாகப் படியேறத் தயங்குகிறாள். தூங்கி எழுந்ததும் பின்னங்கால் விறைப்பு, பத்தடி நடந்தால் சரியாகிவிடுகிறது. எடை அட்டவணை எல்லாம் இனவாரியாகவே இருக்கிறது. இவளுக்கு எந்த வரிசையைப் பார்ப்பது? வலிக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

ஈரமூக்கு:
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: கொடுக்காதீங்க. டாக்டர் அளவு சொல்லாம பாராசிட்டமால் கொடுத்தா கல்லீரல் கெடும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இன்னும் மோசம், வயிற்றுல புண் வந்து சிறுநீரகமும் அடிபடும். நாய்க்குன்னு மெலாக்சிகாம் மாதிரி மருந்து இருக்கு. ரத்தப் பரிசோதனையில சிறுநீரகம், கல்லீரல் பார்த்துட்டு எடைக்குத் தக்கபடி எழுதுவாங்க. சாப்பாட்டோடதான் கொடுக்கணும். ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை ஓடுதுன்னா அதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரெண்டும் சேரக்கூடாது.

நடக்க நடக்க விறைப்பு குறையுதுன்னா பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். ஆனா முழங்கால் தசைநாரையும் பார்க்கச் சொல்லுங்க. 2013-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து ஆய்வு ஒண்ணு வந்தது. 24 பரம்பரை நோய்களைப் பார்த்ததுல 10 தூய இனத்துல அதிகம், 13-ல வித்தியாசமில்லை. கலப்பினத்துல அதிகமா இருந்தது ஒண்ணே ஒண்ணு, அது இந்தத் தசைநார் அறுந்துபோறதுதான். ‘கலப்புன்னா நோயே வராது’ங்கிற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டுலயே கவனிங்க: உட்காரும்போது ஒரு பின்னங்காலை மடக்காம பக்கவாட்டுல நீட்டுறாளா? நிற்கும்போது ஒரு கால் விரல்நுனி மட்டும் தரையில படுதா? காலையில எழுந்து நடக்கிற முதல் ஒரு நிமிஷத்தைப் பக்கவாட்டுல நின்னு வீடியோ எடுங்க. கிளினிக்ல பதற்றத்துல எந்த நாயும் நொண்டாது!

அளவுக்கோப்பை:
அட்டவணையை மூடி வையுங்கள். 4 வயதில் 16 கிலோ என்று குறித்து வைத்திருக்கிறீர்களே, அதைவிட நல்ல அளவுகோல் எந்த இனப் பட்டியலிலும் கிடைக்காது. அப்போது விலா கைக்குத் தட்டுப்பட்டது என்றால் அதுதான் இலக்கு எடை.

கணக்கு இது: எடையை அதாலேயே இருமுறை பெருக்கி, இருமுறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்க வேண்டும். 16 × 16 × 16 = 4096; மூலம் 64; மறுபடி மூலம் 8; 8 × 70 = 560 கிலோகலோரி. சும்மா படுத்திருக்கவே தேவைப்படும் அளவு அது. கருத்தடை ஆன இளம் நாய்க்கு இதில் 1.6 மடங்கு, அதாவது 896. ஓட்டம் குறைந்த வயதான நாய்க்கு 1.2 முதல் 1.4 மடங்கு, 670–780. நீங்கள் போடும் 230 கிராம் 874 ஆகிறது, பிஸ்கட் தனி. 4 வயதில் சரியாக இருந்த அளவு 9 வயதில் மிகுதி, அவ்வளவுதான்.

மொத்தம் 670-க்கு இறக்குங்கள்: உலர் உணவு 160 கிராம் (608), பிஸ்கட் 60-க்குள். கோப்பையால் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுங்கள். கோப்பையை ஒருவர் தட்டி நிரப்புவார், ஒருவர் குவித்து நிரப்புவார். பிஸ்கட்டையும் காலையிலேயே ஒரு டப்பாவில் எண்ணிப் போட்டுவிட்டால் வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். வாரம் 1 சதவீதம், அதாவது 180 கிராம் குறைந்தால் போதும். மூன்று வாரமாகியும் முள் அசையவில்லை என்றால் இதே உணவை மேலும் வெட்டாதீர்கள், புரதமும் தாதும் போதாமல் போகும். எடைக்குறைப்புக்கென்றே தயாரித்த உணவில் 560-க்கு இறங்கலாம். தைராய்டும் ஒருமுறை பாருங்கள்.

விலா சோதனை: விரல்களை விரித்து உங்கள் புறங்கையைத் தடவுங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் சரி. மடக்கிய முஷ்டியின் முட்டிபோல் துருத்தினால் மெலிவு, உள்ளங்கைச் சதைபோல் அமுங்கினால் பருமன்.

வாலாட்டி99:
எடை, மூட்டு பற்றி மேலே சொல்லிட்டாங்க. அவளோட நோட்டுல இன்னும் ரெண்டு எண் ஏத்திக்குங்க. தூங்கும்போது மூச்சு: 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்க. 30-க்குக் கீழே இருக்கணும். தொடர்ந்து அதுக்கு மேலே போனா இதயம், நுரையீரல் பார்க்கணும். தண்ணீர்: அளந்து ஊத்தி, 24 மணி நேரம் கழிச்சு மிச்சத்தைக் கழிங்க. இவளுக்கு 800 மில்லி சுமாரா சரி. கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினா (இவளுக்கு 1.6–1.8 லிட்டர்) சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பரிசோதிக்கணும்.

தோலுக்கடியில கட்டி வந்தா ‘கொழுப்புக்கட்டிதான்’னு தொட்டுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஊசியில செல் எடுத்துத்தான் பார்க்கணும்.

தகப்பன் தெரியாதுன்னு சொன்னதால ஒண்ணு. ஆட்டுமந்தை மேய்க்கிற கோலி மாதிரி இனங்கள் கலந்திருந்தா ஐவர்மெக்டின் மூளைக்குள்ள போய் நஞ்சாகலாம், ஒரு மரபணு மாற்றத்தால. இதயப்புழுவுக்குத் தர்ற சின்ன அளவு பரவாயில்லை. சொறிக்குப் போடுற பெரிய அளவும், கால்நடைக்கான ஊசியைக் குத்துமதிப்பா போடுறதும்தான் ஆபத்து.

முற்றத்துநிழல்:
தரை வழவழப்பு, அவள் சறுக்குகிறாள். நகம் கருப்பு, எங்கே வெட்டுவதென்றே தெரியவில்லை.

ஈரமூக்கு:
படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல் வரைக்கும் அடியில ரப்பர் வச்ச விரிப்பை இடைவெளி இல்லாமப் போடுங்க. பாதமெத்தைக்கு நடுவுல வளர்ற முடியையும் ட்ரிம் பண்ணுங்க.

கருப்பு நகத்தை ஒரே வெட்டா வெட்டக்கூடாது. 1 மில்லிமீட்டர் செதுக்குங்க, வெட்டின முகத்தைப் பாருங்க. முதல்ல வெளிறின தூள் மாதிரி இருக்கும். நடுவுல ஈரமா, கருப்பா ஒரு புள்ளி தெரிஞ்சதும் நிறுத்திடுங்க, அதுக்குப் பின்னாலதான் ரத்தநாளம். தவறி ரத்தம் வந்தா சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) அழுத்தி ரெண்டு மூணு நிமிஷம் பிடிங்க. வாராவாரம் இப்படிச் செஞ்சா நாளமும் உள்ள வாங்கும். தரையில படாத கட்டைவிரல் நகத்தை விட்டுடாதீங்க, அது சுருண்டு சதைக்குள்ள இறங்கிடும். சில கலப்பு நாய்க்குப் பின்னங்காலிலும் அது இருக்கும், முடியை விலக்கிப் பாருங்க.