மறு: ஏஎம்விக்கான கருத்து – ‘வெள்ளோட்டம்’, ‘ஓட்டக்குறிப்பு’ என இரண்டு சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டு எழுதுகிறேன். கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: ஜப்பானிய அனிமேஷனான அனிமேயின் காட்சிகளை வெட்டி ஒரு பாட்டுக்குப் பொருத்தி ரசிகர்கள் செய்கிற காணொளியை, அதாவது ஏஎம்வியை (அனிமே மியூசிக் வீடியோ), வெளியிடுவதற்கு முன்னால் இன்னொருவர் பார்த்துச் சொல்கிற கருத்துக்குத் தமிழில் என்ன பெயர்? பின்னூட்டம், பின்னூட்டல், திறனாய்வு, மதிப்புரை, அரில்நோக்கு ஆகியவை இதுவரை வந்திருக்கின்றன. நான் இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். பார்க்கக் கொடுக்கப்படும், இன்னும் வேலை முடியாத வடிவம் ‘வெள்ளோட்டம்’. பார்த்தவர் எழுதித் தருவது ‘ஓட்டக்குறிப்பு’.

ஏஎம்வி என்ற பெயரை நான் தொடப்போவதில்லை. இங்கே நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் எடிட் செய்கிற பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள், அது நிலைத்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஜிம் கபோஸ்டாஸ் என்ற அமெரிக்க இளைஞர் இரண்டு விசிஆர்களை (வீடியோ கேசட் கருவிகளை) இணைத்துச் செய்ததையே முதல் ஏஎம்வியாகப் பலரும் சொல்வார்கள். இன்றைக்கு அதே வேலை ஒரு கைபேசியில் அலைட் மோஷன் என்ற எடிட்டிங் செயலி வைத்து நடக்கிறது. கருவிக்கும் வடிவத்துக்கும் பெயர் இருக்கிறது. வேலை நடுவில் இருக்கும்போது ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவிக்குத்தான் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அந்த உதவியே நடக்காமல் போகிறது என்பதுதான் என் கவலை.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை தன் எடிட்டை வாட்சப் குழுவில் போட்டால் என்ன வரும்? “கொள்ளாம் மக்கா”, “செம”, நாலு தீ எமோஜி. அன்போடு சொல்வதுதான், நானும் கொள்ளாம் என்பதைக் குறைத்துப் பேசமாட்டேன். குமரிக்காரர் வாயில் அதைவிட நல்ல பாராட்டு இல்லை. ஆனால் எடிட் செய்தவர் அதை வைத்துக்கொண்டு ஒரு வெட்டைக்கூட நகர்த்த முடியாது. இதற்கு எதிர்முனையில், யூடியூபில் ஏற்றிய பிறகு முன்பின் தெரியாத ஒருவர் வந்து “சிங்க் எல்லாம் மோசம்” என்று, அதாவது படமும் பாட்டும் ஒத்துப்போகவில்லை என்று எழுதுவார். அவர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் காலம் கடந்துவிட்டது. அந்தக் கருத்தைப் படித்துவிட்டு எடிட் செய்வதையே விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒரு பெண் இங்கே எடிட் செய்தவர்களிலேயே தாளம் நன்றாகத் தெரிந்தவள்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், கருத்து எப்போது சொல்லப்படுகிறது என்பதைத் தன்னுள்ளேயே வைத்திருக்க வேண்டும். மாற்ற முடிகிற நேரத்தில் சொல்வது ஒரு செயல், முடிந்தபின் சொல்வது வேறு செயல். ஆங்கிலத்தில் இந்தக் கலையைச் செய்பவர்களும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். 2000-ல் தொடங்கிய அனிமேமியூசிக்வீடியோஸ் டாட் ஆர்க் தளத்தில், வெளியான படைப்புக்கு எழுதுவதன் பெயர் ‘ஒப்பீனியன்’. வெளிவருமுன் பார்த்துச் சொல்பவர் ‘பீட்டா டெஸ்டர்’. நாம் மட்டும் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைக்க வேண்டாமே.

இந்த அளவுகோலில் வந்த பரிந்துரைகளைப் பார்க்கிறேன்.

பின்னூட்டம், பிறந்த இடத்தில் சரியான சொல். மின்னணுவியல் பாடத்தில் அது வெளியீட்டின் ஒரு பகுதியை மறுபடி உள்ளீட்டுக்கே அனுப்புவது. ஓடிக்கொண்டிருக்கும் சுற்றுக்குத்தான் அது பொருந்தும். ஆனால் தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி காலத்து வலைப்பதிவர்கள் அதைப் பதிவின் கீழே எழுதும் மறுமொழிக்கு வைத்துவிட்டார்கள், தமிழ் வாசகர் மனத்தில் அதுவே பதிந்துவிட்டது. இனி அதைப் பழைய இடத்துக்கு இழுப்பது கஷ்டம். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன பின்னூட்டல் ஒரு செயலைக் குறிப்பதால் கொஞ்சம் மேல், ஆனாலும் காலக் குழப்பம் அதிலும் போகவில்லை. திறனாய்வும் மதிப்புரையும் முடிந்த படைப்புக்கு உரியவை, அவற்றை விட்டுவிடலாம்.

அரில்நோக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை மனமாரப் பாராட்டுகிறேன். தொல்காப்பியப் பாயிரத்தில் “அதங்கோட்டு ஆசாற்கு அரில்தபத் தெரிந்து” என்று வருகிறது. அரில் என்றால் பிணக்கு, குற்றம். அந்த ஆசான் நம் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. நூல் அவையில் ஏறும்போது ஒருவர் உட்கார்ந்து குற்றம் தேடினார் என்பதை இவ்வளவு பழைய பாயிரம் பதிந்து வைத்திருப்பதும், அந்த ஆளை நம் ஊர்க்காரராகவே கொள்வதும் பெருமைதான். ஆனால் உரைகாரர்கள் சொல்லும் செய்தியைக் கவனியுங்கள். ஆசான் கேட்ட தடைக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொன்னார். அப்படித்தான் அரில் தீர்ந்தது. இலக்கண நூலுக்கு அது பொருந்தும். ஏஎம்விக்கு அது ஆகவே ஆகாது. பார்ப்பவர் எங்கள் அருகில் நின்று விளக்கம் கேட்டுக்கொண்டே பார்க்கப்போவதில்லை. ஓரிடத்தில் அவர் தடுக்கினால் தடுக்கினதுதான், விடை சொல்லி அதைத் தீர்க்க முடியாது. இரண்டாவது, அரில் குற்றத்தை மட்டும் பார்க்கிறது. நல்ல குறிப்பு எது சரியாக ஓடுகிறது என்றும் சொல்லும். சொல்லாவிட்டால் எடிட் செய்தவர் திருத்துகிற வேகத்தில் அதையும் சேர்த்து அழித்துவிடுவார்.

இனி வெள்ளோட்டம். புதுத் தேரையோ பழுதுபார்த்த தேரையோ விழாவுக்கு முன்னால் சாமியை ஏற்றாமல் இழுத்துப் பார்ப்பதற்கு அதுதான் பெயர். மார்கழியில் சுசீந்திரத்தில் தேர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்றைக்குக் கும்பிட யாரும் வருவதில்லை, சக்கரமும் அச்சும் திருப்பத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்க்கத்தான் வருகிறார்கள். இது கோயில் சொல் ஆயிற்றே, குளச்சலிலும் முட்டத்திலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். நல்ல கேள்வி. புதுப் படகைக் கடலில் இறக்கி ஓட்டிப் பார்ப்பதும் வெள்ளோட்டம்தான், அகராதியில் கப்பலும் உண்டு. கடற்கரைக்கும் அது சொந்தச் சொல். மென்பொருள் தமிழாக்குபவர்கள் சிலர் பீட்டாவுக்கு இதை ஏற்கெனவே ஆள்கிறார்கள் என்பதும் நமக்குத் துணை.

ஓட்டக்குறிப்பு என்பது வெள்ளோட்டக் குறிப்பின் சுருக்கம். கருத்து, உரை என்றெல்லாம் முடியாமல் ‘குறிப்பு’ என்று முடிவதை நான் வேண்டுமென்றே விரும்புகிறேன். குறிப்பு என்றால் இடம் சுட்ட வேண்டும். “இரண்டாம் சரணம் சரியில்லை” என்பது கருத்து. “1:12-ல் டிரம் விழுந்தபிறகு வெட்டு இரண்டு ஃபிரேம் பிந்துகிறது” என்பது குறிப்பு. (ஃபிரேம் என்பது காணொளியின் ஒரு தனிப் படம்.)

அந்த ‘பிந்துகிறது’ என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். முந்தல், பிந்தல் இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறேன், ஏனென்றால் கண்ணும் காதும் இவற்றை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. தொலைக்காட்சி ஒளிபரப்புக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தந்த அளவின்படி, ஒலி படத்துக்கு முன்னால் 45 மில்லிநொடி வந்தாலே பார்ப்பவருக்குத் தட்டுப்படும். ஒலி பின்தங்கினால் 125 மில்லிநொடி வரை தட்டுப்படுவதில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் அனிமேயில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 42 மில்லிநொடி. அதாவது படம் தாள அடிக்கு ஒரு ஃபிரேமுக்கு மேல் பிந்தினாலே உறுத்தத் தொடங்கும், முந்தினால் மூன்று ஃபிரேம் வரை தப்பிக்கலாம். அந்த அளவு வெட்டுக்காக எடுத்ததில்லை என்றாலும், வெட்டிலும் அப்படித்தான் படுகிறது. அதனால் “சிங்க் இல்லை” என்று எழுதுபவர் பாதிதான் சொல்கிறார். எந்தப் பக்கம் என்று சொன்னால்தான் எடிட் செய்தவர் கை வைக்க முடியும்.

சிங்க் என்பதற்கு ஒத்திசைவு இருக்கிறது, நீளம்தான் தொல்லை. ‘இசைவு’ போதும். வெட்டு தாளத்தில் விழுவது வெட்டிசைவு. காட்சிக்குள்ளேயே நடக்கும் அசைவு, ஒரு குத்தோ கதவு அடைப்பதோ, தாளத்தில் விழுவது உள்ளிசைவு. பாத்திரத்தின் வாய் பாட்டு வரிக்கு அசைவதற்கு வாயசைப்பு என்று சினிமாவிலேயே இருக்கிறது. பாட்டில் வரியே இல்லாத இடத்தில் பாத்திரம் வாயை ஆட்டிக்கொண்டிருந்தால் அது ‘வெறுவாயசைப்பு’. எடிட்டில் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான்.

உள்ளிசைவுக்குக் குறிப்பு எழுதுபவர் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். 24 ஃபிரேம் ஓடினாலும் அனிமேயில் பெரும்பாலும் ஒரே ஓவியம் இரண்டு ஃபிரேமோ மூன்று ஃபிரேமோ நிற்கும். ஒரு ஃபிரேம் தள்ளு என்று எழுதிவிடலாம், ஆனால் அங்கே தள்ளினால் அசைவு தொடங்கும் ஓவியம் பாதியில் நறுக்கப்படும். காட்சியின் வேகத்தை மாற்றலாமா, வெட்டையே வேறிடத்தில் வைக்கலாமா என்பதை எடிட் செய்தவரிடமே விட்டுவிடுவது நல்லது. இடத்தைக் காட்டுவது பார்ப்பவர் வேலை. மருந்து சொல்வதில் அவர் அடிக்கடி தவறுவார், இடம் காட்டுவதில் அவ்வளவாகத் தவறுவதில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே நொடியைச் சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. அவர்கள் சொன்ன மருந்து இரண்டும் வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

நடைமுறையில் கண்டதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லின் வரையறையில் இவை சேரவேண்டும் என்பதால். வெள்ளோட்டத்தை வாட்சப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். பார்ப்பவர் படம் மங்கல் என்று எழுதுவார், எடிட் செய்தவர் இல்லாத பிழையைத் தேடுவார். ஆவணமாக அனுப்ப வேண்டும். இசைவைப் பார்க்கிறவர் புளூடூத் இயர்போன் போடக்கூடாது, அதில் ஒலி பிந்தி வரக்கூடும், எல்லா வெட்டும் முந்தலாகத் தெரியும். வயர் வைத்த இயர்போன் வேண்டும். முதல் தடவை நிறுத்தாமல் முழுக்கப் பார்த்துவிட்டு, மனசில் என்ன நின்றது என்று ஒரே வரி. அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்த்து நொடிக் குறிப்புகள். படத்தோடு ஒட்டிப்போன சப்டைட்டில், இழுத்து அகலமாக்கிய 4:3 (பழைய டிவி அளவு) படம், இரண்டு ஃபிரேம் ஒன்றின்மேல் ஒன்று மங்கிக் கலப்பது, உச்சத்தில் கரகரக்கும் ஒலி இவையெல்லாம் இரண்டாம் தடவையில்தான் வரவேண்டும். முதலிலேயே எழுதினால் பார்ப்பவர் பழுது தேடுபவராகிவிடுவார், படைப்பு அவருக்குள் இறங்காது. பாட்டை மாற்று என்பது ஓட்டக்குறிப்பே ஆகாது. தேரைக் கட்டி முடித்தபின் வேறு மரம் எடுத்திருக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

பெறுகிறவர் பக்கம்: முதல் பார்வைக்கு முன்னால் தன் எண்ணத்தைச் சொல்லக்கூடாது. “இது அவன் அண்ணனை இழந்த துக்கம்” என்று சொல்லிக் கொடுத்தால், பார்ப்பவர் அந்தத் துக்கத்தை எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார். சொல்லாமல் கொடுத்து, அவராக “யாரையோ இழந்திருக்கிறான் போல” என்று எழுதினால் எடிட் வேலை செய்கிறது என்று பொருள். குறிப்புக்கு அங்கேயே வாதாடவும் வேண்டாம். ஏற்றதை மாற்றட்டும், ஏற்காததை விட்டுவிடட்டும். ஓட்டக்குறிப்பு கட்டளை இல்லை என்பதை வரையறையிலேயே எழுதிவிடலாம்.

ஆளும் விதம் இப்படி வரும்: “நாளைக்கு வெள்ளோட்டம் விடுறேன், பாத்துட்டு குறிப்பு தாங்க.” “வெள்ளோட்டம் பாத்தேன் மக்கா, 0:47 பிந்துது, கடைசி உள்ளிசைவு கொள்ளாம், அதைத் தொடாதே.” வெளியான பிறகு வருவதற்குப் பின்னூட்டம் என்றே இருக்கட்டும், அதற்கு அது பொருத்தம்தான்.

எனக்கு முடிவாகத் தெரியாத ஒன்றைக் குழுமத்தின் முன் வைக்கிறேன். குறிப்புத் தருபவரை என்ன சொல்வது? ‘ஓட்டம் பார்ப்பவர்’ நீளம், ‘ஓட்டர்’ என்றால் ஓட்டுப் போடுகிறவர் மாதிரி ஒலிக்கிறது. மார்த்தாண்டத்து நண்பர் ‘ஆசான்’ என்றே வைக்கலாம் என்கிறார். எங்கள் பக்கத்தில் களரி ஆசான், வர்ம ஆசான் என்று இன்னும் வழக்கில் இருப்பதால் பிள்ளைகள் வாயில் எளிதில் வரும், அதங்கோட்டாருக்கும் ஓர் இடம் கிடைக்கும். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை கல்லூரிப் பிள்ளைக்குக் குறிப்புத் தரும் இடத்தில் அந்தச் சொல் கனத்துவிடுமோ என்று தயங்குகிறேன். பல பேர் சேர்ந்து ஒரே எடிட்டைப் பங்குபோட்டுச் செய்வதற்கான சொல்லைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். இங்கே ஆசானைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து