பீச் (beech) மரக்காட்டின் இலையற்ற ஆர்கிட்டைப் பெயர்த்து நடலாமா?

கானகன்:
தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்று ஒன்றிலுள்ள பீச் காட்டில், ஜூன் முதல் வாரத்தில் இலையோ பச்சையோ இல்லாத, தேன் நிறத்திலான ஒரு பூந்தண்டைக் கண்டேன். உயரம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். பக்கத்திலேயே சென்ற ஆண்டின் தண்டு, வெடித்த காய்களோடு காய்ந்து நின்றது. நியோட்டியா, அதாவது பறவைக்கூட்டு ஆர்கிட் என்பதில் எனக்கு ஐயமில்லை. காட்டின் உரிமையாளர் இந்தக் குளிர்காலத்தில் அங்கே மரம் வெட்டவிருக்கிறார். செடியைப் பெயர்த்தெடுக்க எழுத்து மூலம் அனுமதி தரவும் இசைந்திருக்கிறார். நியோட்டியாவைச் சாறுண்ணி, அதாவது மட்கை உண்டு வாழும் செடி என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆகவே ஒரு முழ அகலத்துக்கு மண்கட்டியோடு எடுத்து, என் தோட்டத்து நிழலில் இலைமட்கு நிறைய இட்டு வைத்தால் பிழைக்கும் என நம்புகிறேன். வெட்டுக்கு இரையாவதைவிட இது மேலல்லவா?

வேர்நேசன்:
நண்பரே, தயவுசெய்து மண்வெட்டியை எடுக்காதீர்கள். உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் அது நிற்கும் அடிப்படை தவறானது. பள்ளியில் படித்த அந்தச் சொல்தான் நம்மை வழிதவற வைக்கிறது. நியோட்டியா மட்கை உண்பதில்லை. மட்கைச் செரிக்கும் ஆற்றல் அதற்கு இல்லவே இல்லை. அதன் வேர்ச் செல்களுக்குள் செபாசினா என்ற பூஞ்சையின் இழைகள் சுருள்சுருளாக நுழைகின்றன, அவற்றைத்தான் அது செரித்து உண்கிறது. அந்தப் பூஞ்சையோ பீச் மரத்தின் நுனிவேர்களை உறைபோல் போர்த்தி, மரம் இலையில் சமைத்த சர்க்கரையைப் பெற்று வாழ்வது. ஆக, நீங்கள் பார்த்த தண்டு பல மீட்டர் உயரத்தில் வெயில் காயும் பீச் இலையின் உணவில் வளர்ந்தது. மண்கட்டியை வெட்டியெடுக்கும் நொடியில் அந்தக் குழாய் அறுந்துவிடும். அதன்பின் எத்தனை கூடை மட்கு கொட்டினாலும், பசித்தவன் முன் விறகைக் குவிப்பது போலத்தான்.

இந்தச் செடிக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். ஆர்கிட் விதையைத் தூள் என்றே சொல்லலாம். முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு அதில் கிடையாது. அது எப்படி முளைக்கிறது என்ற புதிரை 1899இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் அவிழ்த்தது, பிரான்சின் ஃபோன்டென்ப்ளோ காட்டில் இலைச்சருகுக்கு அடியில் புதைந்து கிடந்த ஒரு நியோட்டியாத் தண்டில் இருந்துதான். காய்களுக்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. ஒவ்வொரு முளையிலும் பூஞ்சை இருந்தது.

மலர்க்கொடி:
வேர்நேசன் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. பூஞ்சையுண்ணி ஆர்கிட்டை வளர்க்கவே இயலாது என்ற எண்ணம் பரவுவது எனக்குக் கவலை தருகிறது. சீனாவில் மருந்துக்காகத் தியன்மா என்னும் இலையற்ற ஆர்கிட்டைத் தோட்டப்பயிராகவே விளைவிக்கிறார்கள்: ஆர்மில்லேரியா என்ற தேன்காளான் பிடித்த மரக்கட்டைகளைக் கிழங்கோடு சேர்த்துப் புதைக்கிறார்கள். இன்னொரு இலையற்ற இனமான எபிபோகியம் ரோசியத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் விதையிலிருந்து பூக்கும் வரை பூஞ்சையோடு வளர்த்துக் காட்டி, 2007இல் வெளியிட்டார்கள். ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு நாம் விலகினால், காடு வெட்டப்படும்போது கையில் ஒரு விதைகூட இருக்காது.

வேர்நேசன்:
நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் அவ்விரண்டின் பூஞ்சைகளும் செத்த மரத்தையும் சருகையும் தின்று தாமே வாழக்கூடியவை. கட்டையைக் கொடுத்தால் போதும். செபாசினாவுக்கு உயிருள்ள மரவேர் வேண்டும். தியன்மாவின் வெற்றியை நியோட்டியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது.

பெயர்த்து நட்டதன் விளைவுக்கு இங்கிலாந்திலேயே வேதனையான சான்று உண்டு. எபிபோகியம் ஏஃபில்லம் என்னும் பேய் ஆர்கிட் பிரிட்டனில் முதன்முதலாக 1854இல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் கிடைத்தபோது, அதைத் தோண்டித் தோட்டத்தில் வைத்தார்கள், அது மாண்டுபோனது. அதே இனம் 2005இல் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, 2009இல் ஒற்றைத் தண்டாக மீண்டும் தலைகாட்டியது. மண்ணுக்கடியில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கவல்ல உயிர் அது. தண்டு தெரியவில்லை என்பதால் செடி இல்லை என்று பொருளாகாது.

மலர்க்கொடி:
சரி, பெயர்த்து நடும் யோசனையைக் கைவிடலாம். ஆனால் மரங்கள் விழப்போகின்றனவே, அதற்கு என்ன வழி? விதையை மெல்லிய நைலான் வலைப் பைகளில் இட்டு, முதிர்ந்த செடிகளின் அருகே புதைத்து முளைக்க வைக்கும் முறை பிரிட்டனில் நியோட்டியாவிலேயே பலன் தந்திருக்கிறது. காய் வெடிக்கும் முன் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, வெட்டப்படாத பீச் மரங்களின் வேரோரம் புதைக்கலாம். பூஞ்சை அங்கே இருந்தால் முளைக்கும்; இல்லையென்றால் ஒன்றிரண்டு காய்தான் இழப்பு.

வேர்நேசன்:
இதற்கு என் முழு இசைவு. அதோடு உரிமையாளரிடம் இவற்றைக் கேளுங்கள், கானகன்: தண்டைச் சுற்றிலுமுள்ள பீச் மரங்களை விட்டுவைக்கவேண்டும், வெட்டிய மரத்தை அவ்வழியே இழுக்கக்கூடாது, சருகைக் கூட்டக்கூடாது, உரம் எதுவும் இடக்கூடாது. தழைச்சத்து மிகுந்தால் மரவேரோடு வாழும் பூஞ்சைகள் நலிகின்றன.

கானகன்:
மண்வெட்டியைக் காருக்குள் வைத்துவிட்டுத்தான் இன்று போனேன். சருகை விரலால் மட்டும் விலக்கிப் பார்த்தேன்: தடித்த, வெளிறிய வேர்கள் குச்சிகளைத் திணித்த குருவிக்கூடு போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன, அவற்றின் இடுக்கில் பீச்சின் மெல்லிய கரிய வேரொன்று ஓடியது. அது எந்த மரத்துடையது என்று சொல்ல என்னால் முடியவில்லை. சுற்றிலும் ஏழு மரங்கள் நிற்கின்றன. சருகை மறுபடி மூடிவிட்டு உரிமையாளரைப் பார்த்தேன். நான்கு மரங்களை வெட்டாமல் விடச் சம்மதித்தார். மற்ற மூன்றுக்காகச் சனிக்கிழமை மறுபடி போகிறேன். வலைப்பை எத்தனை ஆழத்தில் புதைப்பது என்பதை அதற்குள் மலர்க்கொடி அவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.