புதுப்பிப்பு: கே99 விண்ணப்பம் என்ன ஆனது?

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச்சின் கே99/ஆர்00 நிதிக்கு (போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய பயிற்சி ஆய்வில் இருப்பவர்கள் தனி ஆய்வகம் தொடங்க உதவும் நிதி) விண்ணப்பித்திருப்பதாக இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். விசாவில் இருப்பவர்கள் போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். என்ஐஹெச்சின் மற்ற கே வகை (ஆய்வுப் பணி வளர்ச்சிக்கான) நிதிகளில் பெரும்பாலானவைதான் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்.

சரி, முடிவு: மதிப்பெண் 38. இங்கே 10 முதல் 90 வரை போடுவார்கள், குறைவாக இருந்தால்தான் நல்லது. (அம்மாவிடம் சொன்னதும் “ஃபெயிலாப்பா?” என்றார்.) இந்தச் சுற்றில் இது தேறாது என்று என்ஐஹெச்சின் திட்ட அலுவலர் சொல்லிவிட்டார்.

மதிப்பீட்டாளர்கள் அறிவியலைப் பெரிதாகக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே கேள்வியில் நின்றார்கள்: இதில் எது உன் வழிகாட்டியின் ஆய்வு, எது உன்னுடையது? நியாயம்தான். இந்த நிதியில் முதல் 2 ஆண்டு வரைதான் வழிகாட்டியின் கீழ். அப்புறம் 3 ஆண்டு வரை ஆண்டுக்கு 2,49,000 டாலர் உச்சவரம்பில் தனி ஆய்வகம். அதனால் ஆய்வுக்கான மரபணு மாற்றிய எலிகளை நான் கொண்டுபோகலாம், என் ஆய்வுக் கேள்வியில் அவர் போட்டியிட மாட்டார் என்று பாஸ் (அதாவது வழிகாட்டி) இப்போது கடிதத்தில் எழுதித் தருகிறார்.

மறுவிண்ணப்பத்துக்கு 37 மாதம் அவகாசம் உண்டு. ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டக்கூடாது என்ற விதி அதற்கும் பொருந்தும். அதனால் ஜூலை 12 கெடுவுக்கே போடுகிறேன். பேறுகால விடுப்பு பற்றிக் கேட்ட தோழிக்கு: குழந்தை பிறந்திருந்தால் அந்த 4 ஆண்டோடு ஓராண்டு கூட்டித் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.