எல்இடி ஹெட்லைட்டில் ஸ்னோ அப்பிக்கொள்கிறது, ஓடும்போதே வெளிச்சம் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

இரவுப்பணி:
எல்லாருக்கும் வணக்கம். கனடாவில், ஒன்ராறியோவின் ஸ்கார்பரோவில் இருந்து பேரி நகரத்துக்கு வாரத்தில் நாலு நாள் இரவு வேலைக்குப் போகிறேன், 401 நெடுஞ்சாலை ஏறி 400 பிடித்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். போன வருடம் வரை ஓட்டியது ஹாலோஜன் விளக்கு வைத்த பழைய கார், பத்து வருடத்தில் ஒருநாள்கூட விளக்கைத் துடைக்க வண்டியை நிறுத்தியதில்லை. இந்தக் குளிர்காலத்துக்கு முன்தான் எல்இடி ஹெட்லைட் உள்ள புது வண்டி எடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நியூமார்க்கெட் தாண்டியதும் ஈர ஸ்னோ கொட்ட ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக ரோடு மங்கிக்கொண்டே வந்தது, முதலில் என் கண்தான் அசந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் லேன் கோடே தெரியவில்லை. எப்படியோ இன்னிஸ்ஃபில் ஒன்ரூட்டுக்குள், அதாவது நெடுஞ்சாலையோர ஓய்விடத்துக்குள், திருப்பி இறங்கிப் பார்த்தால், இரண்டு விளக்கு மேலும் ஈர மாவை அள்ளி அப்பினது மாதிரி இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறப் பனி, அதற்குள்ளே இருந்து சிம்னி விளக்கு அளவுக்கு ஒரு வெளிச்சம். கையுறையைக் கழற்றிவிட்டுச் சுரண்டி எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிந்துகொண்டிருந்த விளக்கின் கண்ணாடி ஐஸ் கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

வண்டி வாங்கிய இடத்தில் கேட்டால் “எல்லா வண்டியிலும் அப்படித்தான்” என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே அப்படித்தானா? ஹாலோஜனுக்கு மாற்ற முடியுமா? ஒரு நண்பர் சுடுதண்ணீர் ஊற்றச் சொல்கிறார், செய்யலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்னொரு தடவை அந்த மாதிரி ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை.

பதினெட்டுச்_சக்கரம்:
தம்பி, நல்ல நேரம் நீங்கள் நிறுத்திப் பார்த்தது. உங்கள் வண்டியில் பிழை ஒன்றும் இல்லை. நான் ட்ரக் ஓட்டுகிறேன், மொன்றியலுக்கும் வின்ட்சருக்கும் இடையில் 401-இல்தான் என் பாதி வாழ்க்கை. எல்இடி லைற் வந்த நாளில் இருந்து எங்கள் ஆட்கள் எல்லாரும் கதைக்கிற விஷயம் இது.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் விளக்கில் அப்பியதில் பாதி மேலே இருந்து விழுந்த ஸ்னோ இல்லை, முன்னால் போன வண்டி கிளப்பிய உப்புச் சேறு. சாம்பல் நிறம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்களைப் போன்ற பெரிய வண்டிக்குப் பின்னால், அதன் சிவப்பு விளக்கை வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு போகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அப்படிப் போனால் பத்து நிமிஷத்தில் உங்கள் விளக்கு மூடிவிடும். இடைவெளி விட்டு ஆறுதலாகப் போங்கள். ரோட்டோரத்தில் நிறுத்தித் துடைக்கவே வேண்டாம், அந்த வெளிச்சத்தில் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். ஒன்ரூட் அல்லது எக்ஸிட் எடுத்துப் பெட்ரோல் நிலையம். பின்பக்க விளக்கையும் சேர்த்து வடிவாகத் துடையுங்கள், அது மூடினாலும் உள்ளே இருக்கிற உங்களுக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் 150 மீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரியாவிட்டால் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம், மூடிக் கிடக்கிற விளக்கு எரிந்து என்ன பயன்?

என் ட்ரக்கில் இப்போது சூடாகும் எல்இடி லைற் போட்டிருக்கிறேன். விளக்கின் முன்கண்ணாடியில் மயிரிழை மாதிரிக் கம்பி ஓடும், காரின் பின் கண்ணாடியில் பார்ப்போமே, அதே வேலைதான். குளிர் கூடினால் தானாகச் சூடாகும். ஜே.டபிள்யூ. ஸ்பீக்கர், ட்ரக்லைட் என்கிற இரண்டு கொம்பனியும் செய்கிறார்கள். ஆனால் ட்ரக்குக்கும், ஜீப் ராங்லர் மாதிரி ஏழு அங்குல வட்ட விளக்கு உள்ள வண்டிக்கும்தான் சுலபமாகக் கிடைக்கும்.

மின்_பொறியாளர்:
கண்ணாடி ஏன் சில்லென்று இருந்தது என்பதற்குப் பதில் எழுதுகிறேன், அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சாதாரண ஹாலோஜன் லோபீம் (தாழ்ந்து விழும் வெளிச்சம்) பல்பு ஒன்று 55 வாட் இழுக்கும். அதில் வெளிச்சமாக மாறுவது கொஞ்சம்தான், பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளிச்சத்தோடு சேர்ந்து முன்பக்கமே போய்க் கண்ணாடியைச் சுடவைக்கும். உங்கள் பழைய கார் தன் விளக்கைத் தானே துடைத்துக்கொண்டது இப்படித்தான். எல்இடி அந்த வேலையைப் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் முடித்துவிடும், அதுவும் சூடாகத்தான் செய்யும், ஆனால் அந்தச் சூடு எல்இடி சிப்புக்குப் பின்னால் இருக்கிற அலுமினியத் தகடு வழியாக என்ஜின் பக்கம் போய்விடும். முன்னால் வருகிற கதிரில் சூடு மிகக் குறைவு. போக்குவரத்து சிக்னலை எல்இடிக்கு மாற்றியபோது பனி நாடுகளில் இதே தொல்லை வந்தது, சிவப்பா பச்சையா என்றே தெரியாத அளவுக்கு மூடிக்கொண்டன.

இது தெரியாத விஷயமும் இல்லை. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1970-இலேயே ஹெட்லைட்டுக்கு வைப்பர் வைத்தது. ஐரோப்பிய விதிகளில் விளக்கின் வெளிச்ச அளவு 2000 லூமனைத் தாண்டினால் கழுவும் கருவி கட்டாயம், அதனால் பல எல்இடி விளக்குகளை அந்த அளவுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கே வட அமெரிக்காவில் அந்தக் கட்டாயமே கிடையாது. இவ்வளவு பனி விழுகிற நாட்டில் இது இல்லாதது பெரிய குறை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஹாலோஜனுக்கு மாற்றுவதை விட்டுவிடுங்கள். உங்கள் வண்டியில் எல்இடியும் பிரதிபலிப்பானும் ஒரே பெட்டியாக வந்திருக்கும், பல்பு மட்டும் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை. சுடுதண்ணீர் கூடவே கூடாது. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம், ஊற்றிய தண்ணீரும் வழிந்து இடுக்கில் உறையும். உலோகச் சுரண்டியும் வேண்டாம், மேல்பூச்சு கீறிப்போனால் இரண்டு மூன்று வருடத்தில் மஞ்சளடித்துவிடும்.

சட்பரி_வாசி:
நான் வடக்கே இருக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். மைனஸ் இருபதில் விழுகிற காய்ந்த பொடிப்பனி விளக்கில் ஒட்டாது, பறந்துவிடும். பூஜ்யத்துக்கும் மைனஸ் ஐந்துக்கும் நடுவில் விழுகிற ஈரப்பனிதான் அப்பும். அதனால் புறப்படும் முன் வெப்பநிலையைப் பாருங்கள், அந்த அளவில் இருந்தால் இருபது நிமிஷம் முன்னதாகக் கிளம்புங்கள், நடுவில் ஒருமுறை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு.

விளக்கை நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கார் மெழுகு பூசுங்கள். மெழுகு பனியைத் தடுக்காது, ஆனால் ஒட்டினது லேசாகக் கழன்று வரும். கதவுப் பக்கப் பையில் மைனஸ் நாற்பது வரை உறையாத வாஷர் திரவத்தை ஒரு ஸ்ப்ரே குப்பியில் ஊற்றி வைத்திருக்கிறேன், பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் குப்பி மேல் பெயர் எழுதிக் கைக்கு எட்டாமல் வையுங்கள், அதில் மெத்தனால் இருக்கிறது, விஷம். அப்புறம், வெளிச்சம் குறைகிறதே என்று ஹைபீம் போடாதீர்கள், விழுகிற பனியில் பட்டு முழுவதும் நம் கண்ணுக்கே திரும்பி வரும். ஃபாக் லைட் இருந்தால் போடுங்கள், தாழ்வாக இருப்பதால் ரோடு கொஞ்சமாவது தெரியும். ஆனால் அதுவும் எல்இடி என்றால் அதையும் துடைக்க வேண்டும்.

இன்னொன்று, முன்னால் போகிற வண்டியைக் கவனிக்கிற முன்பக்க ரேடாரும் இதே பனியில் மூடும். தானாக வேகம் காக்கிற க்ரூஸ் திடீரென்று “வேலை செய்யாது” என்று திரையில் காட்டினால், அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன். ரேடார் மூடியிருந்தால் விளக்கும் மூடிக்கொண்டிருக்கும்.

இரவுப்பணி:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை இடது பக்க விளக்குக்கு மட்டும் மெழுகு பூசினேன், வலது பக்கத்தைச் சும்மா விட்டேன், வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக. நேற்று இரவு மைனஸ் இரண்டு, நல்ல ஈரப்பனி. கிங் சிட்டியில் நிறுத்திப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மூடியிருந்தது. ஆனால் இடது பக்கத்தைக் கையுறையால் ஒரு தள்ளு தள்ளினேன், தோசைக்கல்லில் இருந்து தோசை கழன்று வருவது மாதிரி முழுத் தகடாக வந்து விழுந்தது. வலது பக்கம் ஸ்ப்ரே அடித்து, காத்திருந்து, மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது. பின் விளக்கையும் பார்த்தேன் அண்ணா, நீங்கள் சொன்னபடி இரண்டும் மூடித்தான் கிடந்தன, இத்தனை நாள் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இன்னிஸ்ஃபிலில் இன்னொரு முறை துடைத்தேன். வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதம், சூப்பர்வைசரிடம் காரணத்தைச் சொன்னேன், சரி என்றார். இன்று காலை வந்ததும் வலது பக்கத்துக்கும் பூசிவிட்டேன்.